எம்ஜேஓ வருது, மழை வருமா? நிலநடுக்கோட்டு அலைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்த அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழு எதுவாக இருந்தாலும், மழைக்காலத்தில் யாராவது ஒருவர் எட்டுத் துண்டாகப் பிரித்த ஒரு வட்டப் படத்தைப் போட்டு "எம்ஜேஓ உள்ளே வருது, உஷார்" என்று எழுதிவிடுகிறார். உடனே கேள்விகள் கிளம்பும். இது புயலா, பேஸ்மென்டில் வண்டியை நிறுத்தலாமா, ஊரில் அப்பா அம்மா பக்கம் மழை எப்படி, பூமத்திய ரேகையில் நடப்பதற்கும் மாரத்தஹள்ளிக்கும் என்ன சம்பந்தம். நான் வானிலைத் துறை ஆள் இல்லை, இந்தப் படங்களை வருஷக்கணக்காக விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறவன், அவ்வளவுதான். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்துவிட்டால் அடுத்த முறை இதையே அனுப்பிவிடலாம்.

எம்ஜேஓ என்பது புயல் மாதிரி ஒன்றா?

கிடையாது. புயலுக்கு ஒரு மையம் உண்டு, பெயர் உண்டு, சில நூறு கிலோமீட்டர் அகலம் உண்டு. மேடன்-ஜூலியன் அலைவு, சுருக்கமாக எம்ஜேஓ, பல ஆயிரம் கிலோமீட்டர் அகலம். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியில் எங்கோ மேகம் கூட ஆரம்பிக்கும். பிறகு அந்த மழைப் பகுதி மெதுவாகக் கிழக்கே நகர்ந்து மாலத்தீவு, சுமத்ரா, போர்னியோ, நியூ கினி என்று தாண்டிப் போய், பசிபிக்கின் நடுவில் 180 டிகிரி தீர்க்கரேகைக்குப் பக்கத்தில் கலைந்துவிடும். மழை அதிகமான இந்தப் பாதிக்கு ஜோடியாக, மழை குறைந்த இன்னொரு பாதியும் கூடவே நகர்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் எம்ஜேஓ. வறண்ட பாதியை யாரும் வாட்ஸ்அப்பில் போடுவதில்லை, ஆனால் பெங்களூரில் பத்து நாள் தொடர்ந்து வானம் வெளுத்துக் கிடப்பதற்குச் சில சமயம் அதுவும் ஒரு காரணம்.

ஒரு சுற்று முடிய 30 முதல் 60 நாள் ஆகும். அந்தத் தளர்வைக் கவனியுங்கள். கடிகாரம் வைத்துச் சொல்லுகிற விஷயமே இல்லை இது. சில சமயம் இரண்டு மூன்று சுற்று வரிசையாக வரும், சில சமயம் மாதக்கணக்கில் ஆளையே காணோம்.

அப்படியென்றால் இந்தியப் பெருங்கடல் மேகமே பசிபிக் வரைக்கும் ஊர்ந்து போகிறதா?

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு இடிமேகத்தின் ஆயுள் சில மணி நேரம். அப்படிப்பட்ட மேகங்கள் சேர்ந்த கூட்டம் ஒரு நாளோ இரண்டு நாளோ நிற்கும். மாலத்தீவில் திங்கட்கிழமை பெய்த மேகம் சுமத்ராவைப் பார்ப்பதற்கு வாய்ப்பே கிடையாது.

தேர்த் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். தேர் ஒரு தெருவுக்குள் நுழையும்போது அந்தத் தெருக்காரர்கள் வெளியே வந்து கூடுகிறார்கள், தேர் தாண்டியதும் வீட்டுக்குள் போய்விடுகிறார்கள், அடுத்த தெருவில் வேறு கூட்டம். மேலிருந்து பார்த்தால் ஒரே கூட்டம்தான் நகர்கிற மாதிரி இருக்கும். எம்ஜேஓவில் நகர்வது மேகம் கூடுவதற்குத் தோதான சூழல்: ஈரமான காற்று, கீழே குவியும் காற்று, மேலே விரிந்து போகும் காற்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாகசாவா என்ற ஜப்பானிய ஆய்வாளர் 1988-ல் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் காட்டினார்: மொத்த மழைப் பகுதி கிழக்கே போய்க்கொண்டிருக்கும்போதே, அதற்குள் இருக்கும் தனித்தனி மேகக்கூட்டங்களில் பல மேற்கு நோக்கிப் போகின்றன. பழசு மேற்கே ஒதுங்கிச் சாக, புதுசு கிழக்கு ஓரத்தில் பிறக்கிறது. செயற்கைக்கோள் வீடியோவை ஒரு நாள் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு "மேகமெல்லாம் ஆப்பிரிக்கா பக்கம் போகுது, எம்ஜேஓ ரிவர்ஸ் எடுக்குது" என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். குறைந்தது பத்து நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

மேடன், ஜூலியன் யார்?

ரோலண்ட் மேடன், பால் ஜூலியன். அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்து போல்டரில் உள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சி மையத்தில் இருந்தவர்கள். பசிபிக்கின் நடுவில், நிலநடுக்கோட்டுக்கு மூன்று டிகிரிக்கும் குறைவான தூரத்தில் தெற்கே, கான்டன் என்று ஒரு பவளத்தீவு இருக்கிறது, இன்று கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்தது. அங்கிருந்து கிட்டத்தட்ட பத்து வருஷம், 1957 முதல் 1967 வரை, வானிலை பலூன் விட்டுக் காற்றை அளந்திருந்தார்கள். அந்த எண்களைக் கணினியில் போட்டு, எந்தெந்தக் கால இடைவெளியில் காற்று ஏறி இறங்குகிறது என்று பிரித்துப் பார்த்தபோது 40-50 நாள் பக்கத்தில் ஒரு முகடு துருத்திக்கொண்டு நின்றது. கீழ்க்காற்று கிழக்கே வீசும்போது மேலே 12, 13 கிலோமீட்டர் உயரத்துக் காற்று அதற்கு நேர் எதிராக மேற்கே வீசுகிறது, கூடவே தரைமட்டக் காற்றழுத்தமும் ஆடுகிறது. 1971-ல் அந்தக் கட்டுரை வந்தது. அடுத்த வருஷமே மற்ற நிலையங்களின் அளவுகளையும் சேர்த்து, இது ஒரு தீவின் விவகாரம் இல்லை, உலகத்தைச் சுற்றும் அமைப்பு என்று இரண்டாவது கட்டுரை.

மேகம் எதையும் பார்க்காமல், ஒரு தீவின் காற்றளவை மட்டும் வைத்துக்கொண்டு அதைப் பிடித்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

எல்லாமே ஏன் நிலநடுக்கோட்டை ஒட்டியே நடக்கிறது? அங்கே என்ன விசேஷம்?

பூமி சுற்றுவதால் நகரும் காற்று வட அரைக்கோளத்தில் வலப்பக்கமும், தென் அரைக்கோளத்தில் இடப்பக்கமும் விலகுகிறது. கோரியாலிஸ் விளைவு, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நிலநடுக்கோட்டில் இந்த விலகல் பூஜ்யம், கோட்டைத் தாண்டினால் திசை மாறிவிடுகிறது. விசேஷம் முழுக்க இந்தத் திசை மாற்றத்தில் இருக்கிறது.

கோட்டுக்குக் கொஞ்சம் வடக்கே, கிழக்கு நோக்கிப் போகும் காற்றை எடுத்துக்கொள்வோம். அது வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். கிழக்கே பார்த்து நிற்பவருக்கு வலது என்றால் தெற்கு, அதாவது கோட்டை நோக்கி. தெற்கே இருக்கும் காற்று இடப்பக்கம் திரும்பும், அதுவும் கோட்டை நோக்கி. ஆக, கிழக்கே போகும் காற்றை இரண்டு பக்கமும் கோட்டுக்கே தள்ளிக்கொண்டிருக்கும் ஒரு அமைப்பு அங்கே இயற்கையாகவே இருக்கிறது. அழுத்தம் கூடிய காற்று இரண்டு பக்கமும் சிதறப் பார்க்கும், கோரியாலிஸ் அதை உள்ளே தள்ளும், இரண்டும் சரியாகிவிடும். கிளம்பிய அலை வடக்கே தெற்கே சிந்தாமல் கோட்டோடு ஓடுகிறது.

இதே காரணத்தால்தான் கோட்டின் மேலேயே புயல் உருவாவது கஷ்டம், சுழற்சி கொடுக்க ஆள் இல்லை. 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்குப் பக்கத்தில் வாமெய் என்ற புயல் கோட்டிலிருந்து ஒன்றரை டிகிரிக்குள் உருவானது, அதை இன்னும் அதிசயமாகத்தான் பேசுகிறார்கள்.

கெல்வின் அலை, ராஸ்பி அலை என்றும் சொல்கிறார்களே, எது எந்தப் பக்கம் போகும்?

மேலே சொன்ன, கிழக்கே மட்டும் ஓடும் அலைதான் கெல்வின் அலை. மேற்கே போவது ராஸ்பி அலை. டாரோ மட்சுனோ என்ற ஜப்பானியர் 1966-ல் காகிதத்தில் கணக்குப் போட்டு, நிலநடுக்கோட்டை ஒட்டி எந்தெந்த வகை அலைகள் இருக்க முடியும் என்று பட்டியல் கொடுத்துவிட்டார். 1999-ல் வீலர், கிலாடிஸ் இருவரும் பல வருஷத்து செயற்கைக்கோள் அளவுகளை அலசியபோது, மேகங்களுக்குள் அதே அலைகள் மட்சுனோவின் கணக்கை ஒட்டியே வந்து நின்றன. எம்ஜேஓ மட்டும் அந்தப் பட்டியலில் எங்கும் பொருந்தாமல் தனியாக நின்றது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

கெல்வின் அலை மழை மேகத்தோடு சேர்ந்து போகும்போது விநாடிக்கு 15 மீட்டருக்குப் பக்கம், மணிக்கு 55 கிலோமீட்டர் அளவில் ஓடும். ஒரு இடத்தைத் தாண்ட இரண்டு மூன்று நாள் போதும். மேகம் இல்லாமல் வெறும் காற்றழுத்த அலையாக ஓடினால் இதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வேகம். மேகம் சேர்ந்ததும் வேகம் குறைவதற்குக் காரணம், நீராவி குளிர்ந்து நீராகும்போது வெளிவிடும் வெப்பம். மேலே ஏறும் காற்று குளிர்ந்து கனமாகிவிடாமல் அந்த வெப்பம் பார்த்துக்கொள்கிறது, அதனால் அலையைத் திருப்பி இழுக்கும் விசை பலவீனமாகிறது.

ராஸ்பி அலை நிதானம், விநாடிக்கு 5 மீட்டர் மாதிரி. அதன் அடையாளம் ஜோடிச் சுழல்கள். கோட்டுக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, கண்ணாடியில் பார்த்த மாதிரி எதிரெதிர்ச் சுழற்சி, நடுவில் கோட்டின் மேல் மேற்கிலிருந்து வீசும் பலமான காற்று. இதை நேரில் பார்க்க வேண்டுமானால் 2022 மே மாதத்து செயற்கைக்கோள் படங்களைத் தேடுங்கள். வங்கக்கடலில் அசானி புயல், அதே தீர்க்கரேகைகளை ஒட்டிக் கோட்டுக்குத் தெற்கே கரீம் புயல், இரண்டும் ஒரே படத்தில். 2019 ஏப்ரல் கடைசியில் ஃபானிக்கும் தெற்கே லோர்னா என்று ஒரு ஜோடி இருந்தது. டிவியில் ஃபானி ஒடிசாவுக்குப் போவதை மட்டும் காட்டினார்கள், தெற்கே இருந்த ஜோடியைப் பற்றிப் பேச்சே இல்லை.

எம்ஜேஓ மட்டும் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது?

இந்தியப் பெருங்கடலிலும் மேற்குப் பசிபிக்கிலும் அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 5 மீட்டர், மணிக்கு 18 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 430 கிலோமீட்டர் என்று வையுங்கள். மாலத்தீவு அருகிலிருந்து 180 டிகிரி தீர்க்கரேகைக்குப் போக ஒரு மாதம் போல ஆகிறது. அதற்கு அப்பால் கிழக்குப் பசிபிக்கில் கடல் குளிர்ச்சி, ஆழமான மேகம் நிற்காது. மேகச் சுமை இல்லாத காற்றலை மட்டும் வேகமாக ஓடி, தென் அமெரிக்கா, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா தாண்டித் திரும்ப நம் பக்கம் வருகிறது. முழுச் சுற்றையும் அந்த 18 கிலோமீட்டர் வேகத்திலேயே போனால் 90 நாளுக்கு மேல் ஆகும்.

மெதுவாகப் போவதற்குக் காரணம், அதன் வேகத்தைத் தீர்மானிப்பது காற்றழுத்தம் இல்லை, ஈரப்பதம் என்பதுதான் இன்று பலரும் ஏற்கும் விளக்கம். பெரிய மழைப் பகுதி ஒன்று காற்றைச் சூடாக்குகிறது. அதற்குக் கிழக்கே, கிழக்கிலிருந்து வீசும் கெல்வின் வகைக் காற்றும், மேற்கே ராஸ்பி வகை ஜோடிச் சுழல்களும் உருவாகின்றன. கிழக்குப் பக்கத்தில் கீழ்மட்டக் காற்று குவிந்து, முதலில் சின்னச் சின்ன மேகம், பிறகு நடுத்தர மேகம் என்று மேலே மேலே ஈரத்தை ஏற்றிக்கொண்டே போகிறது. மேற்குப் பக்கத்துச் சுழல்களோ வறண்ட காற்றை உள்ளே இழுத்து ஈரத்தைத் துடைக்கின்றன. கிழக்கில் ஊற, மேற்கில் காய, மழை கிழக்கே நகர்கிறது. காற்று மண்டலத்தை எட்டுப் பத்து கிலோமீட்டர் உயரத்துக்கு ஈரமாக்கப் பல நாள் பிடிக்கும், அந்த நாட்கணக்குதான் வேகம். இதை ஒரே சமன்பாட்டில் எல்லாரும் ஒப்புக்கொள்கிற மாதிரி இன்னும் யாரும் எழுதவில்லை. போட்டிக் கொள்கைகள் இருக்கின்றன, சண்டையும் நடக்கிறது.

இந்தோனேசியா வந்ததும் பல தடவை காணாமல் போகிறதே?

ஆமாம், அதற்குத் தடை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். காரணம் ஒன்று மலைகள். சுமத்ரா, போர்னியோ, நியூ கினி எல்லாம் உயரமான மலைத்தொடர்கள், கீழ்க்காற்றை மறிக்கின்றன. இன்னொன்று அந்தத் தீவுகளின் தினசரி மழைப் பழக்கம். பகலில் தரை சூடாகி மதியம் மூன்று நாலு மணிக்கு மேல் தீவின் மேல் இடி, இரவில் கடற்கரை ஓரத்துக் கடல் மேல் மழை. இந்த உள்ளூர் வேலை ஈரத்தையெல்லாம் தானே தின்றுவிடுகிறது, சுற்றியுள்ள கடல் மேல் எம்ஜேஓ நிற்பதற்கு மிச்சமில்லை. வலுவானவை தாண்டிவிடும், சோப்ளாங்கிகள் அங்கேயே அவுட்.

அந்த எட்டுத் துண்டு படத்தை எப்படிப் படிப்பது?

2004-ல் வீலரும் ஹென்டனும் வகுத்த குறியீடு அது. மூன்று விஷயத்தை ஒன்றாக்குகிறது: மேகத்தின் மேலிருந்து விண்வெளிக்குப் போகும் வெப்பக்கதிர், சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துக் காற்று, சுமார் 12 கிலோமீட்டர் உயரத்துக் காற்று. மூன்றும் நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் 15 டிகிரி வரை சராசரி. வெப்பக்கதிர் எதற்கு என்றால், தெளிந்த வெப்பமண்டலக் கடலிலிருந்து சதுர மீட்டருக்கு 280 வாட்டுக்கு மேல் வெளியேறும், உயர்ந்த இடிமேகத்தின் உச்சி கடுங்குளிர் என்பதால் அங்கே 200-க்குக் கீழே போய்விடும். எண் குறைந்தால் மேகம் உயரம்.

படத்தில் கீழ்ப்பக்கம் இந்தியப் பெருங்கடல், 2, 3 கட்டங்கள். வலப்பக்கம் இந்தோனேசியத் தீவுகள், 4, 5. மேலே மேற்குப் பசிபிக், 6, 7. இடப்பக்கம் அமெரிக்கா, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, 8, 1. ஒவ்வொரு புள்ளியும் ஒரு நாள். புள்ளிகளைச் சேர்த்த கோடு கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால் கிழக்கு நோக்கிய நகர்வு. நடுவில் ஒரு சின்ன வட்டம் இருக்கும், அதன் ஆரம் 1. கோடு அதற்குள் சுருண்டு கிடந்தால் எம்ஜேஓ இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம், எந்தக் கட்டம் என்று வாதம் செய்வது வீண். வெளியே எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு வலு. 2015 மார்ச் நடுவில் அது 4.6-ஐத் தாண்டியது, அதற்குமுன் காணாத அளவு. பாம் புயல் வனுவாட்டுவைப் புரட்டிப் போட்டது அதே நாட்களில்தான்.

இனி எச்சரிக்கை. கோடு திடீரென்று மூன்றே நாளில் இரண்டு கட்டம் தாவினால் அது பெரும்பாலும் கெல்வின் அலை. பின்னால் போனால் ராஸ்பி அலையோ, ஒரு பெரிய புயலின் காற்றோ குறியீட்டைக் குழப்புகிறது. நல்ல எம்ஜேஓ ஒரு கட்டத்தில் ஐந்தாறு நாளாவது தங்கும். அப்புறம் முன்கணிப்புக் கோடுகள். நூல்கண்டு பிரிந்த மாதிரி பத்திருபது கோடு விரிந்து கிடக்கும்போது, அதில் பயங்கரமான ஒன்றை மட்டும் வட்டம் போட்டு அனுப்புவது நேர்மை இல்லை.

சரி, பெங்களூருக்கு இதனால் என்ன?

நேராகச் சொன்னால், மறைமுகமான தொடர்பு. நாம் இருப்பது 13 டிகிரி வடக்கே, கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில். ஏப்ரல், மே மாத மாலை இடிமழை உள்ளூர் சமாசாரம்: பகல் சூடு, தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று, மேலே கொஞ்சம் குளிர்ச்சி. வொயிட்ஃபீல்டில் கொட்டும், ஜெயநகரில் தூசி பறக்கும். எம்ஜேஓ இந்தியப் பெருங்கடலில் இருந்தால் இப்படிப்பட்ட மழைக்கான வாய்ப்பு சில நாளுக்குக் கூடுகிறது, அவ்வளவே. எந்த லே-அவுட்டில் எத்தனை மணிக்கு என்பதை அது சொல்லாது, அதைச் சொல்ல ரேடார் வேண்டும். பேஸ்மென்டில் வண்டி நிறுத்துவதா வேண்டாமா என்பதை அந்த வட்டப் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெங்களூரில் தண்ணீர் புகுவதற்கு மழையைவிட, ஏரிக்கும் ஏரிக்கும் இடையில் இருந்த ராஜகாலுவை என்கிற மழைநீர்க் கால்வாயை அடைத்தது பெரிய காரணம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை எம்ஜேஓ கிழக்கே போகாமல் வடக்கே போகிறது என்கிறார்களே?

இரண்டும் நடக்கிறது. அந்த மாதங்களில் கிழக்கு நோக்கிய நகர்வு பலவீனமாகி, இந்தியப் பெருங்கடலில் கோட்டுக்குப் பக்கத்தில் பிறக்கும் மேகப் பட்டை நாளைக்குச் சுமார் ஒரு டிகிரி அட்சரேகை என்ற கணக்கில் வடக்கே ஏறி இந்தியாவுக்குள் வருகிறது. இந்தக் கதையில் நம் ஊருக்கு முக்கியப் பங்கு உண்டு. இந்திய அறிவியல் கழகத்தில், நாம் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் அதே இடத்தில், இருந்த சுலோசனா காட்கிலும், புணேயில் இருந்த டி.ஆர்.சிக்காவும் 1970களின் செயற்கைக்கோள் படங்களை நாள் நாளாக வைத்துப் பார்த்து, நிலத்தின் மேல் ஒரு மேகப் பட்டை, கடலின் மேல் ஒரு மேகப் பட்டை என்று இரண்டு இருப்பதையும், நிலத்துப் பட்டை சோர்ந்துபோகும்போது கடலிலிருந்து கிளம்பி வருவது அதற்கு உயிர் கொடுப்பதையும் 1980-ல் எழுதினார்கள். ஜப்பானில் யாசுனாரியும் அதே காலத்தில் இதைக் கண்டிருந்தார்.

பட்டை நிலத்தின் மேல் இருந்தால் மத்திய இந்தியாவில் மழை கொட்டும். அது இமயமலை அடிவாரத்துக்கு நகர்ந்துவிட்டால் நாட்டின் நடுவில் மழை இடைவெளி, அதே சமயம் தமிழ்நாட்டில் மாலை இடிமழை கூடும். ஜூலை மாதத்தில் மும்பை நண்பர் "இங்கே வெயில் அடிக்குது" என்று சொல்கிற வாரத்தில் வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் இரவில் மழை என்று வீட்டிலிருந்து போன் வருவது இதனால்தான். இடைவெளி நீண்டால் விபரீதம். 2002 ஜூலையில் நாடு முழுக்க வழக்கமான மழையில் ஏறக்குறைய பாதிதான் பெய்தது, அந்த வருஷம் வறட்சியில் முடிந்தது.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறோம். வடகிழக்குப் பருவமழைக்கு எந்தக் கட்டம் நல்லது?

பொதுவாக 2, 3, 4-ல் தமிழ்நாட்டு மழைக்கு வாய்ப்பு அதிகம், வங்கக்கடலில் தாழ்வுப் பகுதி உருவாகவும் தோது. 6-லிருந்து 8 வரை பெரும்பாலும் மழை ஓய்வெடுக்கும். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்கிலிருந்து வரும் காற்றலைகள் தனியாக வந்துகொண்டிருக்கும், தாழ்வுப் பகுதி எங்கே கரையேறுகிறது என்பது வேறு. "சாதகமான" கட்டத்தில் தாழ்வுப் பகுதி இலங்கைக்குக் கீழே போய்விட்டால் சென்னைக்கு வெறும் மேகமூட்டம். "பாதகமான" கட்டத்தில் ஒரே ஒரு கிழக்கு அலை வந்து டெல்டாவை நனைத்துவிட்டுப் போவதும் உண்டு. ஓசூர் வழியாகப் பஸ் பிடிப்பவர்களுக்கு எம்ஜேஓவைவிட அன்றைய வானிலை ஆய்வு மைய அறிக்கைதான் உதவும்.

எல் நினோவும் இதுவும் ஒன்றா?

வேறு வேறு. எல் நினோ பசிபிக் கடலின் மேற்பரப்பு சூடாவது, மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருஷம் வரை. எம்ஜேஓ காற்றில், வாரக்கணக்கில். ஆனால் ஒன்றை ஒன்று தூண்டும். எம்ஜேஓ மேற்குப் பசிபிக்கில் இருக்கும்போது மேற்கிலிருந்து பலமான காற்று சில நாள் தொடர்ந்து வீசும், அது கடலுக்குள் ஒரு கெல்வின் அலையைத் தள்ளிவிடும். கடலுக்குள் ஓடும் அலை விநாடிக்கு இரண்டு மூன்று மீட்டர்தான், தென் அமெரிக்கக் கரைக்குப் போகவே இரண்டு மூன்று மாதம். போகிற வழியில் ஆழத்துக் குளிர்நீர் மேலே வராமல் அமுக்கிவிடுகிறது. 1997 தொடக்கத்திலும் 2015 மார்ச்சிலும் இப்படிப்பட்ட காற்று வீச்சுகள் வந்தன, இரண்டு வருஷமும் பெரிய எல் நினோவில் முடிந்தன. ஒவ்வொரு வீச்சும் எல் நினோவாக முடியும் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

இஸ்ரோ இதற்கென்று செயற்கைக்கோள் விட்டதாமே?

மேகா-டிராபிக்ஸ். பிரான்சோடு சேர்ந்து 2011 அக்டோபர் 12-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விட்டது. சாதாரண வானிலைச் செயற்கைக்கோள்கள் துருவத்தைத் தாண்டிச் சுற்றும், இல்லையென்றால் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலையாக நிற்கும். இது 865 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டோடு 20 டிகிரி மட்டுமே சாய்ந்து, வெப்பமண்டலத்தையே ஒரு நாளில் பல தடவை பார்த்துக்கொண்டிருந்தது. அதிலிருந்த மழை அளக்கும் கருவி ஒன்றின் பெயர் மெட்ராஸ், அது சீக்கிரமே வேலை நிறுத்திவிட்டது. ஈரப்பதம் அளக்கும் சஃபீர் நீண்ட நாள் உழைத்தது. மூன்று வருஷத்துக்கென்று விட்டது 2021 வரை தகவல் கொடுத்தது.

இது மேலே போன அதே மாதம், மாலத்தீவின் தென்கோடியில் அட்டு பவளத்தீவில் பல நாட்டு ஆய்வாளர்கள் ரேடார், பலூன், கப்பல் சகிதம் முகாம் போட்டு எம்ஜேஓ பிறப்பதை அளந்துகொண்டிருந்தார்கள். 2023 மார்ச் 7-ல் செயற்கைக்கோளை வேண்டுமென்றே கீழே இறக்கிப் பசிபிக் மேல் எரித்துவிட்டார்கள். கடைசிக் கட்டளைகள் போனது பெங்களூரில் உள்ள இஸ்ரோ கட்டுப்பாட்டு மையத்திலிருந்து.

எத்தனை நாள் முன்னால் சொல்ல முடியும்?

நல்ல கணினி மாதிரிகள் எம்ஜேஓவின் போக்கை மூன்று நான்கு வாரம் முன்னால் ஓரளவு பிடிக்கின்றன. வலுவாக இருக்கும்போது நன்றாக, பலவீனமாக இருக்கும்போது சுமாராக. இந்திய வானிலை ஆய்வுத் துறை வியாழக்கிழமை தோறும் நான்கு வார முன்கணிப்பு வெளியிடுகிறது, எம்ஜேஓ எந்தக் கட்டம் என்பதும் அதில் இருக்கும். முதல் இரண்டு வாரத்தை நம்பலாம். மூன்றாவது, நான்காவது வாரத்தைப் போக்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "20 நாள் கழித்து சனிக்கிழமை மழை" என்று யார் சொன்னாலும் சிரித்துவிட்டு நகருங்கள், கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தவர் உட்பட.

கடல் சூடாவதால் இதுவும் மாறுகிறதா?

மாறுகிறது. புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் கழகத்தின் ராக்சி கோல் தலைமையில் 2019-ல் வந்த ஆய்வு 1981 முதல் 2018 வரை பார்த்தது. இந்தோ-பசிபிக்கின் வெந்நீர்ப் பரப்பு முன்பு இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிட்டது. எம்ஜேஓ மேகம் இந்தியப் பெருங்கடலில் தங்கும் காலம் சராசரி 19 நாளிலிருந்து 15-ஆகக் குறைந்து, அந்தப் பக்கம் மேற்குப் பசிபிக் வரையுள்ள பகுதியில் 18-லிருந்து 23 ஆகக் கூடியிருக்கிறது.

எம்ஜேஓவால் ஒரு நாளின் நீளமே மாறும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உருட்டு தானே?

இது மட்டும் உருட்டு இல்லை. பூமியும் காற்றும் சேர்ந்து ஒரே சுழற்சிக் கணக்கு. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று மொத்தத்தில் பலமானால் காற்றின் பங்கு கூடும், அந்த அளவுக்குத் தரையின் சுழற்சி குறையும், நாள் நீளும். 40-50 நாள் இடைவெளியில் நாளின் நீளம் ஏறி இறங்குவது 1980களின் தொடக்கத்திலேயே அளவுகளில் தெரிந்துவிட்டது. எவ்வளவு என்று கேட்டால் ஒரு மில்லி விநாடியில் சிறு பின்னம். வீடியோவில் "நாள் நீளப்போகிறது" என்று கத்தியவர் அந்த அளவைச் சொல்ல மறந்துவிட்டார்.